வரும் அஞ்சலும் போகாத அஞ்சலும்

விருத்தாசலத்துக்குப் பீங்கான் நகரம் என்றொரு பெயர் உண்டு. பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் அவ்வூரின் பழம்பெருமை. செராமிக் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் பிற்காலப் பெருமை. இன்சுலேட்டர், பியூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலுப் பொம்மை என்று அங்கே சூளையிலிருந்து வெளிவரும் பொருள்கள் பல. வாங்குவோரிற் பலர் வெளியூரார். அவர்கள் விலை கேட்டு எழுதுவதும், பட்டறைக்காரர் மறுமொழி விடுப்பதும் இன்று கைப்பேசியிலேயே நடந்துவிடுகின்றன.

அத்தகைய பட்டறை ஒன்றை நடத்தும் நண்பர் ஒருவர், நவராத்திரிக்கு இரண்டு மாதம் இருக்கையில், புதிய கைப்பேசி வாங்கித் தம் தொழிலின் மின்னஞ்சல் முகவரியை அதில் அமைத்தார். விலை கேட்டு வந்த அஞ்சல்கள் ஒழுங்காக வந்தன. அவர் எழுதிய மறுமொழிகளோ ஒன்றும் போகவில்லை; யாவும் புறப்பாட்டுப் பெட்டியிலேயே தங்கிவிட்டன. ஒரு வாரம் பதில் காணாத வெளியூர் வணிகர் ஒருவர் வேறிடத்தில் பொம்மை வாங்கிக்கொண்டார். "அஞ்சல் வருகிறதே, ஐயா! வருகிற வழியிலே போகவும் வேண்டுமல்லவா?" என்று நண்பர் என்னைக் கேட்டார்.

மாணவ நேயர்களே, அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆயினும் மின்னஞ்சலில் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. நமக்கு வந்த கடிதங்களைக் காட்டுவது ஐமேப் என்னும் முறை. அதற்கு வழக்கமான வாயில் எண் 993. நாம் எழுதியதை ஏற்றுக்கொண்டு வெளியே செலுத்துவது எஸ்.எம்.டி.பி. என்னும் முறை, அதற்குரிய வாயில் 587 அல்லது 465. இரண்டுக்கும் சர்வரின் பெயர், வாயில் எண், பாதுகாப்பு முறை, கடவுச்சொல் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கவேண்டும். ஒன்று சரியாக இருப்பது மற்றொன்றுக்குச் சான்றாகாது. எனவே, அஞ்சல் வந்து, போகாதிருக்குமானால், முகவரியையே அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 'வெளிச்செல்லும் சர்வர்' என்ற பகுதியைத் திறந்து பார்த்தாலே போதும்.

நண்பரின் கைப்பேசியில் அப்பகுதியைத் திறந்தேன். வாயில் எண் 25 என்றிருந்தது. 'உள்நுழைவு தேவை' என்ற கட்டம் குறியிடப்படாமல் இருந்தது. இந்த இரண்டுமே பழங்காலத்து நம்பிக்கையின் எச்சங்கள். 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் கணினி வலையில் முதல் மின்னஞ்சலை அனுப்பியபோது, அவ்வலையில் இருந்தவர்கள் ஆராய்ச்சிக்காரர் சிலரே. 1982இல் ஜான் போஸ்டல் எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதிய காலத்திலும் அனுப்புவோரிடம் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை. தெருவோரத் தபால் பெட்டி போடுகிறவரைப் பார்த்து யார் என்று கேட்பதில்லையே, அதுபோல! ஆனால் 1978இலேயே கேரி துர்க் என்பவர் தம் கணினி நிறுவனத்தின் விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பிக் கண்டனத்துக்கு ஆளானார். பின்னர் இணையம் பொதுமக்களிடம் வந்தபோது வேண்டாத அஞ்சல் வெள்ளமெனப் பெருகியது. அதனால்தான் 1998இல் பயனர்கள் அஞ்சலை ஒப்படைப்பதற்கென்று 587 ஆம் வாயில் வகுக்கப்பட்டது. மறு ஆண்டே கடவுச்சொல் கேட்கும் விதியும் வந்தது. 25 ஆம் வாயில் சர்வருக்கும் சர்வருக்கும் இடையே மட்டும் என்றாயிற்று. இணையச் சேவை நிறுவனங்கள் பல அதைப் பயனர்களுக்கு அடைத்தே வைத்திருக்கின்றன.

வாயிலை 587 என மாற்றி, பாதுகாப்புக்கு ஸ்டார்ட்-டி.எல்.எஸ். என்பதைத் தேர்ந்து, உள்நுழைவுக் கட்டத்தைக் குறியிட்டு, பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதினோம். சூளை முழுவதையும் ஏற்றுமுன் மாதிரித் துண்டு ஒன்றைச் சுட்டுப் பார்ப்பது அவர்கள் தொழில் வழக்கம். அவ்வாறே நண்பர் தமக்குத் தாமே ஒரு வரி எழுதி அனுப்பினார். அரை நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

மகிழ்ச்சி மறுநாள் வரைதான் நீடித்தது. பன்னிரண்டு பொம்மைப் படங்களை இணைத்து, இருநூற்றைம்பது வணிகர்களுக்கு ஒரே அஞ்சலாக அனுப்ப முயன்றார், மறுபடியும் தடை. இம்முறை அமைப்பில் பிழை இல்லை, அளவில்தான் மிகை. ஜிமெயிலை எடுத்துக்கொண்டால், ஓர் அஞ்சலின் இணைப்புகளுக்கு 25 மெகாபைட் வரம்பு. படங்கள் அப்படியே பயணம் செய்வதுமில்லை. ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துக்களாக மாற்றப்பட்டே செல்வதால், சுமை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கைப்பேசிப் படம் ஒவ்வொன்றும் நான்கு மெகாபைட் ஆனால், பன்னிரண்டு படம் எங்ஙனம் அடங்கும்? அளவைக் குறைத்துச் சேர்க்கலாம். அல்லது இணையச் சேமிப்பில் வைத்து இணைப்பு முகவரியை மட்டும் அனுப்பலாம். என் கருத்தில் பின்னதே மேல். வாங்குவோரின் கைப்பேசியும் நிறையாது.

ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. தனியாருக்கான ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர். இங்கே அஞ்சல் ஒன்று என்பது கணக்கில்லை. பெறுநர் ஒவ்வொருவரும் ஒரு கணக்கு. மறைநகல் வைத்தாலும் அப்படியே. சில நிறுவனங்கள் மணிக்கு இத்தனை என்று இதனினும் குறைவாக வைத்துள்ளன. வரம்பு மீறினால் ஒரு மணி முதல் ஒரு நாள் வரை அனுப்பும் வழி அடைபடலாம். அந்நேரத்தில் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதில் பயனில்லை. நண்பர் பட்டியலை ஐந்தாகப் பிரித்து நாளுக்கொரு பகுதியாக அனுப்பி முடித்தார்.

வேறொரு செயலி வழியாக ஜிமெயிலைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு செய்தி. 2022 மே 30 முதல், வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பிற செயலிகள் தனியார் கணக்குகளில் நுழைவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. கூகுளின் உள்நுழைவுப் பக்கம் வழியாகச் சேர்க்கவேண்டும். அல்லது இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல்லைப் பெற்று அதை இடவேண்டும். கடவுச்சொல் சரியென்று உறுதியாகத் தெரிந்தும் சர்வர் மறுக்குமானால் காரணம் பெரும்பாலும் இதுவே. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்ற அறிவிப்பு வந்தால் மட்டும், முதலில் கைப்பேசியின் தேதியைப் பாருங்கள். சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு, தேதி தவறிய கைப்பேசி நல்ல சான்றிதழையும் காலாவதியானதாக எண்ணிவிடும்.