பங்குதாரர் வேடம்

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

நாடகம் எழுதுபவன் நான். அரியணையில் அமர்ந்து ஆணை பிறப்பித்த அரசன், திரை விழுந்ததும் முடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு ஓடுவதைக் கண்டவன். அரங்கிலே வேடம் இரண்டு மணி நேரம்தான். ஆனால், வேடம் கலையாத நடிகர்கள் நம் தெருக்களிலே உலவுகிறார்கள். முதுகிலே உணவுப் பெட்டி, கையிலே கைப்பேசி, பெயரோ 'பங்குதாரர்'!

இலாபத்திலே பங்கு உண்டா? இல்லை. கட்டணம் குறிப்பதிலே பங்கு உண்டா? இல்லை. பெட்ரோல் செலவிலே? உண்டு! வண்டி பழுதானால்? முழுப் பங்கும் அவனுக்கே! ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்ற துரியோதனன்கூட, பங்கு கொடுத்துவிட்டதாகப் பசப்பவில்லையே!

1918-லே சென்னை ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்டனர். அவர்கள் எதிரே ஆலைக் கதவு இருந்தது. கதவுக்குப் பின்னே முதலாளி இருந்தார். இன்று கதவுமில்லை, முகமுமில்லை. 'கணக்கு முடக்கப்பட்டது' என்று கைப்பேசியிலே ஒரு வரி. அதுவே வேலை நீக்கம். எந்தக் கதவைத் தட்டுவான் அவன்?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2020-ல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நிதியாகத் தரவேண்டும்; அதுவும் தொழிலாளருக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது. விபத்துக்கும் முதுமைக்கும் வழி சொல்கிறது; வரவேற்போம். ஆனால், முதலாளி-தொழிலாளி என்ற மரபு உறவுக்கு வெளியே உழைப்பவன் என்றல்லவா அவனுக்கு இலக்கணம் வகுக்கிறது! குறைந்தபட்சக் கூலி பற்றி அவனுக்கு ஒரு சொல்லும் இல்லையே!

இங்கிலாந்தைப் பாருங்கள். ஊபர் ஓட்டுநர் வழக்கிலே, 2021 பிப்ரவரி 19-ல், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தாளிலே எழுதிய பெயரைக் கண்டு மயங்கவில்லை. கட்டணம் குறிப்பவர் யார், கட்டுப்படுத்துபவர் யார் என்று பார்த்தது. ஓட்டுநர் தொழிலாளரே என்றது. செயலியைத் திறந்து, சவாரியை ஏற்கத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது.

அதைத்தான் நாமும் கேட்கிறோம். காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி கொடு! காரணம் கூறாமல் கணக்கை முடக்காதே!

தமிழகத்திலே 2023-ல் இவர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. தோழர்களே, உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் தம்பியிடம் உணவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள். வாரியத்திலே பதிந்தாயா, சங்கத்திலே சேர்ந்தாயா என்று கேளுங்கள்.

வேடத்தைக் கலைப்போம். தொழிலாளியைத் தொழிலாளி என்றே அழைப்போம். கூலி தானாகவே கணக்குக்கு வராது, கேட்டால்தான் வரும்!