கர்ப்பத்தின் மீது யாருக்கு அதிகாரம்?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் செய்யப்பட்ட சொற்பொழிவின் சாரம்)



கருவைக் கலைப்பது சட்டப்படி சரியா தப்பா என்பதை முடிவு செய்வது பொதுஜன அபிப்பிராயமா, கோர்ட்டா என்று விழுப்புரத்தில் ஒரு தோழர் கேட்டார். முதலில் நடந்த சங்கதிகளைப் பாருங்கள்.

1860-ல் வெள்ளைக்கார சர்க்கார் எழுதிய பினல் கோடு 312-வது பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கன்றி வேறெதற்குக் கலைத்தாலும் 3 வருஷம் வரை தண்டனை. சிசு அசைவு கண்ட பின்னானால் 7 வருஷம் வரை. தானே கலைத்துக் கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். அன்று எந்தப் பெண்ணைக் கேட்டு இச்சட்டம் செய்தார்கள்? அதனால் கலைப்பு நின்றதா? இல்லை. திருட்டுத்தனமாக எருக்கங்குச்சியினிடம் போயிற்று. கர்ப்பத்திற்குக் காரணமான ஆண் வீட்டிலிருந்தான், பெண் செத்தாள்.

பிறகு 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் கமிட்டி போட்டு, 1971-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. ஆகவே இந்நாட்டில் கதவைத் திறந்தது கோர்ட்டுமல்ல, ஊராருமல்ல, பார்லிமெண்டேயாகும். அக்கதவைக் கோர்ட்டு இன்னும் சற்று அகலமாக்கிற்று. பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் சொந்த சுதந்திரத்தைச் சேர்ந்தது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. கலியாணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அவ்வுரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்பளித்தது. ஆனால் அதே கோர்ட்டு 2023 அக்டோபரில், 26 வாரக் கர்ப்பிணி ஒருத்திக்குச் சட்டத்தின் கெடு தாண்டிவிட்டதென்று மறுத்தும் விட்டது.

வெளிநாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் 1973-ல் கோர்ட்டு கொடுத்த உரிமையை 2022-ல் அதே கோர்ட்டு பிடுங்கிக் கொண்டது. அயர்லாந்தில் 1983-ல் பொதுஜன ஓட்டால் போட்ட தடையை, 2018-ல் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டு நீக்கினார்கள். கோர்ட்டும் மாறுகிறது, ஜனங்களும் மாறுகிறார்கள். மாறாதது ஒன்றே: வயிறு பெண்ணுடையது, வலியும் அவளுடையது.

நம் சட்டத்திலும் குறையுண்டு. 20 வாரம் வரை ஒரு டாக்டரும், அதன்மேல் சிலருக்கு மட்டும் 24 வாரம் வரை இரண்டு டாக்டரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். பெண்ணின் விருப்பமே போதுமென்று சட்டம் இன்னும் சொல்லவில்லை. பழைய 312-ம் ஒழியவில்லை. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 88 என்று நம்பர் மாறியிருக்கிறது, அவ்வளவே.

என்றாலும் தாய்மார்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். 18 வயது நிரம்பிய, சித்த சுவாதீனமுள்ள பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டத்திற்குத் தேவை. புருஷன் கையெழுத்தோ, மாமியார் உத்தரவோ, தகப்பன் அனுமதியோ சட்டம் கேட்கவில்லை. பெயரை வெளியிடக் கூடாதென்றும் அதில் இருக்கிறது.

இது தெரிந்தும் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போக அஞ்சி, கடை மாத்திரையை வாங்கி விழுங்குகிறாள் என்றால், அவளைத் தடுப்பது கோர்ட்டா? அல்ல, ஊர் வாய். பார்லிமெண்டும் கோர்ட்டும் திறந்த கதவை அந்த வாய் தெருவிலேயே சாத்தி விடுகிறது. பொதுஜன அபிப்பிராயம் என்பது நீங்களும் நானும்தான். ஆகவே அவளுக்குத் தீர்ப்புச் சொல்ல நாம் யார் என்று ஒவ்வொருவரும் தன்னையே கேட்டுக் கொண்டு, வழியை விட்டு விலகி நிற்க வேண்டுமென்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.