பூதப்பாண்டி ஜீவானந்தம்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் நாஞ்சில் நாட்டிற் பிறந்து புகழெய்திய ஒருவரைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் ப. ஜீவானந்தம் அவர்களைத் தெரிந்துகொண்டோம். இதனைக் கேட்ட அன்பர் ஒருவர், "நல்லது, நம் ஊர்ப்பிள்ளை" என்று மகிழ்ந்தார். மற்றொருவரோ, "சாதியே ஆகாதென்றவரைப் பற்றிச் சாதிச் சங்க மேடையிற் பேசுவது எங்ஙனம் பொருந்தும்?" என்று வினவினார். இருவர் கூற்றும் மெய்யே. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் உரைப்பின், அப்பெருமகனாருக்கு மாலையிட்டவர் ஆவோமேயன்றி அவரை அறிந்தவர் ஆகோம்.

ஜீவானந்தம் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21-ஆம் நாள் பூதப்பாண்டியிற் பிறந்தார். (அவ்வூர்ப் பெயரைச் சங்க காலத்துப் பூதப்பாண்டியனோடு பொருத்திப் பேசுவாரும் உளர், அவ்வாராய்ச்சி இப்பொழுது வேண்டா.) பெற்றோர் குலதெய்வத்தின் பெயரால் அவருக்குச் சொரிமுத்து என்று பெயரிட்டனர். பிற்காலத்தே தனித்தமிழ்ப் பற்று மிகுந்து உயிரின்பன் எனத் தம்மைத் தாமே அழைத்துக்கொண்டார். பின்னர் ஜீவானந்தம் என்பதே நிலைத்தது. பெயரை எத்தனை முறை மாற்றினும், அதன் பின்னே குலப்பட்டத்தை அவர் ஒட்டவைத்துக்கொள்ளவில்லை என்பதை இளைஞர் கருதுக.

அக்காலத்து நம் ஊர்கள் எப்படியிருந்தன என்பதை முதியோர் வாய்க் கேட்டிருப்பீர்கள். கோயிலுக்குள் நுழைவது கிடக்கட்டும். கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கவே பல குலத்தாருக்கு உரிமையில்லை. வரி கொடுப்போர் அவர். வயலில் நாற்று நடுவோர் அவர். தேர் ஓடும் வீதி மட்டும் அவருக்கு அன்று! ஜீவானந்தம் பள்ளிப் பருவத்திலேயே தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தோழர்களை அத்தகைய வீதிகளுக்கு அழைத்துச் சென்றார் என்றும், அதனால் எழுந்த பகையே அவரை வீட்டைவிட்டு வெளியேறச் செய்தது என்றும் வரலாறு எழுதினோர் கூறுவர். அவரைச் சினந்தவர் யாவர்? வேற்று நாட்டாரல்லர். நம் பாட்டன்மாரையொத்த ஊர்ப் பெரியோரே. இதனை நாம் கூசாது சொல்லுதல் வேண்டும்.

1924-இல் வைக்கத்துத் தெரு உரிமைப் போராட்டத்திலும், 1926-இல் நம் சுசீந்திரத்துச் சத்தியாக்கிரகத்திலும் அவர் பங்குகொண்டார். தாணுமாலயன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் யாவரும் நடக்கலாம் என்பதே சுசீந்திரத்தில் எழுந்த கோரிக்கை. அதற்குத் தலைமை பூண்ட கோட்டாறு டாக்டர் எம். இ. நாயுடு அவர்களின் பெயரையும் நன்றியோடு நினைக்கின்றோம். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேச விளம்பரம் செய்தார். அந்நாளை மன்னரின் கருணை நாள் என்று மட்டும் பாடஞ்சொல்லுதல் போதாது. அதற்கு முன்னே தெருவில் அமர்ந்து அடிபட்டோரும் இருந்தனர்.

சிராவயல் ஆசிரமத்தில் ஆசிரியராயிருந்த காலத்தில், வருணாசிரமம் பற்றிக் காந்தியடிகள் கூறிய கருத்தை மறுத்து இவ்விளைஞர் அவருக்கே கடிதம் எழுதினார். 1927-இல் அடிகள் சிராவயலுக்கே வந்து அவரைக் கண்டார். இருபது வயதினர் ஒருவர் உலகம் போற்றுவாரை அஞ்சாது மறுத்ததும், அவர் அதனைப் பொறுத்துத் தேடி வந்ததும் ஒருங்கே எண்ணத்தக்கன.

பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்தில் உழைத்தார். பகத்சிங் எழுதிய நாத்திக நூலைத் தமிழாக்கியதற்காகச் சிறைப்பட்டார். அதன்பின் பொதுவுடைமைக் கட்சியிற் புகுந்தார். 1937-இல் தொடங்கிய ஜனசக்தி இதழில் அவர் எழுதியன மிகப் பல. அவர் எவ்வெப்பொழுது எந்தக் கட்சியிலிருந்தார் என்பதை அரசியல் அன்பர்கள் ஆராய்க. அவருடைய நாத்திகத்தை நாம் ஏற்கவேண்டுமென்றும் யாம் சொல்லவில்லை.

தமிழ் கற்பிக்கும் எமக்கு அவரிடத்து மிக்க வியப்பைத் தருவது வேறொன்று. கம்பனைத் தீயிலிட வேண்டும் என்று ஒருசாரார் முழங்கிய காலத்தில், கடவுளை நம்பாத இவர் கம்பனைப் போற்றிப் பேசினார். பாரதியையும் கம்பனையும் ஆலைத் தொழிலாளர் கூட்டத்திலே, கையை ஓங்கி, வியர்வை சொட்டச் சொட்ட விளக்கினார். வித்துவான்கள் கூடிய அறைக்குள் யாம் உரைவேற்றுமை ஆராய்ந்துகொண்டிருந்தோம். அவரோ எழுதப் படிக்கத் தெரியாதவன் காதில் கவிதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கல்வியும் ஒரு தேர்வீதியே. அதனையும் சிலர் அடைத்து வைத்திருந்தனர். 1959-இல் தாமரை என்னும் திங்களிதழையும், 1961-இல் கலை இலக்கியப் பெருமன்றத்தையும் அவர் தோற்றுவித்ததன் காரணம் இதுவே என்று கருதுகின்றோம். 1963-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் அவர் மறைந்தபொழுது, நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி எழுதிய நினைவுக் கட்டுரையை இளைஞர் தேடிப் படிக்க வேண்டும். அவர் பேச்சைக் கேளாத எம்போன்றோர்க்கு அதுவே செவியாகும்.

1952 முதல் 1957 வரை வண்ணாரப்பேட்டையின் சார்பாகச் சட்டமன்றத்தில் இருந்தார். பதவியால் அவர் வீடு பெருக்கவில்லை. தாம்பரத்துக் குடிசையில் வாழ்ந்த அவரை முதலமைச்சர் காமராசர் அழைக்கச் சென்றபொழுது, துவைத்த ஒற்றை வேட்டி உலரும்வரை காக்க நேர்ந்தது என்னும் செய்தி பலராலும் சொல்லப்படுகிறது.

அவர் மணந்தது தாழ்த்தப்பட்ட வகுப்பின் தலைவரான குலசேகரதாஸ் அவர்களின் மகள் கண்ணம்மையாரை. மேடையிற் சமத்துவம் பேசிவிட்டுப் பெண்ணெடுக்கும்பொழுது குலம் கோத்திரம் கேட்போர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நம் இதழின் கடைசிப் பக்கத்து 'மணமக்கள் தேவை' பகுதியை ஜீவானந்தம் கண்டிருப்பாரேல் உரக்கச் சிரித்திருப்பார். அப்பகுதியின் மெய்ப்புத் திருத்துபவர் யாமே ஆதலின் இதனைச் சொல்ல எமக்கு உரிமையுண்டு.

இனி, சங்கத்துக் காரியம் ஒன்று. நம் மண்டபத்தில் ஜீவானந்தத்தின் படத்தைத் திறந்துவைப்பதென்று செயற்குழு முடிவு செய்துள்ளது. மகிழ்ச்சியே. அதே குழுவின்முன் ஓராண்டாக வேறொரு விண்ணப்பமும் கிடக்கிறது. மண்டபத்தைப் பிற குலத்தார் திருமணங்களுக்கும், நம் பிள்ளைகள் பிற குலத்தில் மணக்கும் திருமணங்களுக்கும் வாடகைக்குத் தருதல் வேண்டும் என்பது அவ்விண்ணப்பம். "பார்க்கலாம்" என்னும் விடையன்றி வேறு விடை இதுகாறும் வரவில்லை. ஜீவானந்தமும் கண்ணம்மையாரும் இன்று வந்து கேட்டால், அவர் படம் தொங்கும் மண்டபத்திலேயே அவருக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டிவரும். இதனைச் சொல்லும்பொழுது சிலர் முகம் சுளிப்பதை இம்மேடையிலிருந்தே காண்கின்றோம். அவர்களும் எம் உறவினரே, அவர்கள்மீது எமக்குப் பகையில்லை.

ஆகவே விண்ணப்பத்தை முதலில் எடுத்து முடிவு கண்டு, அதன்பின் படத்தை மாட்டுக என்று செயலாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்துள்ளோம். அடுத்த பொதுக்குழுவில் அது வாக்குக்கு வரும். உறுப்பினர் யாவரும், சிறப்பாகத் தாய்மார்களும், தவறாது வந்து தத்தம் கருத்தைச் சொல்லுமாறு வேண்டுகின்றோம்.