எதிரொலி சில்லு வாங்கப் போறீங்களா?

காதர்பேட்டையில் பனியன் விற்கிற எனக்கு, கிதார் பெடல் கட்டுவது ஒரு கிறுக்கு. எதிரொலிக்கு எம்.என்.3005 சில்லு வேண்டும். வரிசையில் நின்று வாளி கைமாற்றுவது போல ஒலியை 4096 படி கடத்தும், 0.2 நொடி தாமதம் கிடைக்கும். ஜப்பான் மட்சுஷிதா தயாரிப்பை நிறுத்தி வருஷங்களாச்சு. தபாலில் வருவதில் போலியும் உண்டு: வேறு சில்லைச் சுரண்டி, கறுப்புப் பூசி, பேர் அச்சடிப்பார்கள்.

நம்ம பேட்டையில் லேபிளைப் பார்த்தா வாங்குறோம்? துணியைத் தடவித்தானே! அசிட்டோன் பஞ்சால் துடைத்துப் பாருங்க. கறுப்பு ஒட்டினால் திருப்பி அனுப்பிடுங்க.

தம்பிகளே, பழைய பேருக்குக் காசைக் கொட்டாதீங்க. கூல்ஆடியோ வி3205 இருக்கு, அதே 4096 படி. ஆனா 3005-க்குப் போட்ட 15 வோல்ட் சர்க்யூட்டில் சொருகிடாதீங்க. இது 5 வோல்ட் சில்லு, மின்சாரத் திசையும் வேற.