மலையின் வரிகளும் சுவரின் வரிகளும்



மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் திரும்பும் தமிழருக்கு ரேணிகுண்டா வந்துவிட்டால் ஊர் வந்துவிட்டது போன்ற மகிழ்ச்சி. மேற்கே நிற்கும் திருமலைத் தொடரைக் கைகூப்பி வணங்குவோம், உற்றுப் பார்ப்பதில்லை. காலை வெயில் படும்போது அம்மலையின் செங்குத்துப் பாறைகளில் கிடைக்கோடுகள் வரிவரியாகத் தெரியும். மிகப் பண்டைக் காலத்தில் நீரடியில் படிந்த மணல் இறுகிக் குவார்ட்சைட் பாறையான அடுக்குகள் அவை. அடியிலிருக்கும் கருங்கற்பாறையோ அவற்றினும் பல கோடி ஆண்டுகள் மூத்தது. இரண்டும் சந்திக்கும் இடம் திருமலைக்கு ஏறும் பாதையிலேயே காணக்கிடைக்கிறது. அதனைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள்.

இதே அடுக்குத் தோற்றத்தைப் பூச்சில்லாத காங்கிரீட் சுவரிலும் இன்று விரும்பிச் செய்கிறார்கள். இதில் எமக்கு அக்கறை பிறந்த கதை சற்றுக் கசப்பானது. நாமும் எம் அலுவலக நண்பர்களும் வடநாட்டு நகரொன்றில் கூட்டாகக் கட்டிக்கொண்ட குடியிருப்பில், படிக்கட்டின் வெளிச்சுவரைப் பூசாமல் விட்டனர். இடுப்புயரத்தில் கருத்த கோடொன்று அதில் ஓடிற்று. “மலைப்பாறை போன்ற அலங்காரம்” என்றார் ஒப்பந்தக்காரர். முதல் மழையிலேயே அலங்காரத்தின் வழியாக நீர் கசிந்தது.

மொழிபெயர்ப்பே தொழிலான நாம், முன்னொருமுறை கட்டட விதித்தொகுப்பு ஒன்றில் ‘கோல்டு ஜாயிண்ட்’ என்பதைக் ‘குளிர்ந்த இணைப்பு’ என எழுதி மனநிறைவு கொண்டிருந்தோம். குளிருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கீழே கொட்டிய கலவை இறுகத் தொடங்கியபின் மேலே புதுக் கலவையைக் கொட்டினால் இரண்டும் ஒன்றாகக் கலவாமல் நிற்கும் தையலே அது. வெயிற்காலத்தில் கலவை விரைந்து இறுகுமாதலால் இந்தக் கேடு எளிதில் நேரும். ‘ஒட்டா இணைப்பு’ என்று எழுதியிருக்க வேண்டும். சுவர் கசிந்த பிறகே அச்சொல் எமக்குத் தோன்றிற்று.

அடுக்கு வேலையின் சிக்கலும் இங்கேதான். சாதாரணமாக வைப்ரேட்டர் கருவியை மேல் அடுக்கின் வழியே கீழ் அடுக்குக்குள்ளும் சிறிது இறக்கி இரண்டையும் பிணைப்பார்கள். நிறம் வேறான அடுக்குகளில் அப்படிச் செய்தால் நிறங்கள் கலங்கிக் கோடு அழிந்துவிடும். செய்யாவிட்டால் சுவர் பிணையாது. ஆகவே நீர் குறைந்த, ஈரமண் போன்ற கலவையைச் செண்டரிங் பலகைகளுக்கிடையே பரப்பி, மண்சுவர் வைப்பதுபோல் இடித்து இறுக்குவது ஒரு வழி. கீழ் அடுக்கு இறுகிப் போயிருந்தால் அதன்மேல் படிந்த பால் போன்ற படலத்தைச் சுரண்டி, முகத்தைச் சொரசொரப்பாக்கி, நனைத்த பின்னரே அடுத்ததைப் போடவேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குக் கோடு ஒன்றேதான். அதன் பின்னே இந்த உழைப்பு உண்டா இல்லையா என்பதை மழைதான் சொல்லும்.

ஜெர்மனியில் வாகெண்டோர்ஃப் என்னும் சிற்றூரின் வயல்வெளியில், சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் வடிவமைத்த சிறு வழிபாட்டுக் கூடம் 2007-ல் முடிவுற்றது. உயரம் 12 மீட்டர். நாளொன்றுக்கு அரை மீட்டர் வீதம் 24 அடுக்குகளாகக் காங்கிரீட்டை இடித்து எழுப்பினார்கள். ஆற்றுக் கூழாங்கல்லும் செம்மஞ்சள் மணலும் வெள்ளைச் சிமெண்டும் சேர்ந்த கலவை அது. கைவேலை செய்தவர்களில் அவ்வூர் உழவர்களும் இருந்தனர். ஒவ்வொரு நாளின் வேலையும் எங்கே முடிந்தது என்பது சுவரிலேயே தெரிகிறது. அதை மறைக்க எவரும் முயலவில்லை. மறைக்கவேண்டிய தேவையும் இல்லை.

எங்கள் படிக்கட்டுச் சுவரில் அந்தக் கோட்டைக் கொத்தித் திறந்தபோது உள்ளே கம்பியில் துரு ஏறியிருந்தது. துருவைச் சுரண்டி, சிமெண்டுக் கலவை செலுத்தி அடைத்தாயிற்று. அடைத்த இடம் வெளிறித் தெரிகிறது. முழுவதையும் பூசிவிடுவோம் என்கின்றனர் நண்பர் சிலர். பூசிவிட்டால் அடுத்த கசிவு எங்கே தொடங்கியதென்று எப்படி அறிவது என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம். வருகிற கூட்டத்தில் வாக்கெடுப்பு.