நேரமும் நீதியும்
(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் நாம் ஒரு கடையிற் கணக்கெழுதி வந்தோம். அங்கே வேலை செய்தோரிற் பாதிப்பேர் மாவடிப்பள்ளியிலிருந்து வரும் முஸ்லிம் சகோதரர்; மீதிப்பேர் காரைதீவுப் பக்கத்தவர். காலை எட்டரைக்குத் தொடங்கி, நடுவே ஒருமணி நேரம் உணவுக்கு விட்டு, மாலை ஐந்தரைக்கு முடிப்பது வழக்கம். ஒரு திங்கட்கிழமை கடைக்கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: இன்று முதல் இரவு எட்டுமணி வரை வேலை. காரணம் சொல்வாரில்லை, எவரையும் ஒரு வார்த்தை கேட்டாருமில்லை. ஒருவருக்கு மஃரிப் தொழுகை தவறியது. மற்றொருவருக்கு வெள்ளிக்கிழமைப் பூசை தவறியது. எல்லோருக்கும் வீடு செல்லும் பஸ் தவறியது.

ஓர் இளைஞன் வாடிக்கையாளர் முன்னிலையிலே முதலாளியுடன் வாதாடினான். அன்றே வேலையிழந்தான். அவன் கோபம் நியாயமானதே. ஆயினும் அது தனியே போய் நின்றது. நாமோ, ஒரு மாதத்திற் போகிறவர்கள்தானே என்று வாய்மூடி இருந்தோம். இதைச் சொல்ல வெட்கப்படுகின்றோம்.

மறுநாள் வயதில் மூத்த ஒருவர் வந்து, “தம்பி, நீங்க படிச்ச ஆள். ஒரு வழி சொல்லுங்க” என்றார். அதன் பின்னரே சட்டத்தைத் தேடிப் படித்தோம்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுக்கின்றது. மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணியைத் தாண்டலாகாது. அதற்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. நாளுக்கு இரண்டரை மணி கூட்டினால் ஐந்து நாளிலேயே பன்னிரண்டரை ஆகிவிடுகிறதன்றோ! வேலை நிபந்தனைகளை எழுத்திற் கொடுப்பதும் முதலாளியின் கடமை. அத்தகைய தாள் அங்கே ஒருவரிடமும் இருக்கவில்லை.

எல்லோரும் கூடி ஒரே கடிதம் எழுதினார்கள். அதில் வசை இல்லை. வந்த நேரம், போன நேரம், சட்டம் சொல்லும் அளவு, இவையே இருந்தன. இரு சமூகத்தவரும் கையொப்பமிட்டனர். தீராவிடின் தொழில் திணைக்களத்துக்குப் போவோம் என்பதையும் பணிவாகக் குறித்தனர். முதலாளி அழைத்துப் பேசினார். கடன் தொல்லையால் அப்படிச் செய்ததாகச் சொன்னார். முறைவைத்து வாரத்தில் இரண்டு நாள் மாத்திரம் எட்டுமணி வரை நிற்பது, அதற்கு மேலதிக ஊதியம் பெறுவது என முடிவாயிற்று. ஆனால் அந்த இளைஞனை மீண்டும் சேர்க்கவில்லை. முதல்நாளே நாம் எல்லோரும் சேர்ந்திருந்தால் அவன் வேலை போயிராது. அந்தக் கடன் நம் நெஞ்சில் நிற்கின்றது.

அன்பர்களே, சமயச் சங்கத்தில் இப்பேச்சு எதற்கு என்று நினைப்பீர்கள். சென்னைப் பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு பக்திச் சபை இருந்தது. சமயச் சொற்பொழிவு கேட்கவந்த ஆலைத் தொழிலாளர், உணவுக்கு விடும் அரைமணி போதவில்லை என அங்கே முறையிட்டார்கள். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதற்குச் செவிசாய்த்தார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பார்சி வகுப்பினரான பி. பி. வாடியா அதன் தலைவரானார். அந்த ஆலைகள் இன்று இல்லை. அவர்கள் காட்டிய வழி இருக்கின்றது.

மிஷன் பள்ளியில் நாம் கேட்ட திராட்சத்தோட்டக் கதையிற்கூட, எசமான் கூலியைப் பேசியே ஆட்களை அமர்த்துகின்றான். நம் வயல்களிலும் பேசிக்கொண்டுதானே வரம்பில் இறங்குகின்றோம்? கடைக்கு மாத்திரம் வேறு நீதியா?

ஆகவே, வேலைக்குச் சேரும்போது நிபந்தனையை எழுத்திற் கேளுங்கள். நேரத்தை நாள்தோறும் குறித்து வையுங்கள். தனியே சினக்காமற் சேர்ந்து பேசுங்கள். ஏழுபேர் ஒப்பமிட்டால் 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சங்கம் பதிய விண்ணப்பிக்கலாம். நாளை நம்முள்ளும் முதலாளிமார் தோன்றுவர். அவர்கள் கதவில் தாள் ஒட்டுமுன் ஆட்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்பார்களாக.