பெரட்டுக்கு வராத ஆளுக்குக் கூலி

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் தோட்டத்துக் கிராணி. செக்ரோலில் ஆளில்லாப் பெயர் ஏறும் வித்தை உங்களுக்குப் புதிதன்று. ஆள் பெரட்டுக்கு வரமாட்டான். கூலி மட்டும் தவறாது! பெயர் எழுதுகிறவனே கூலியும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

சிங்கப்பூர் நில ஆணையத்தில் நடந்ததும் இந்த வித்தைதான். 2008 முதல் 2010 வரை, அங்கே துணை இயக்குநராயிருந்த கோ சியா வீயும் அவருக்குக் கீழிருந்த அதிகாரி ஒருவரும், நடக்காத கணினி வேலைகளுக்குப் பொய்ப் பில்கள் காட்டினார்கள். ஆணையம் இழந்தது ஏறத்தாழ 1 கோடியே 22 லட்சம் வெள்ளி! 2011இல் கோவுக்கு 22 ஆண்டுச் சிறை, மற்றவருக்கு 15.

யார் பணம் அது? இதே சாலையில் அரிசி வாங்கும் தொழிலாளியும் பொருள் சேவை வரி கட்டுகிறான். 2024 முதல் அது நூற்றுக்கு 9.

இப்படி ஏதேனும் வெளியானால், "கண்காணிப்பை இறுக்குவோம்" என்பார்கள். எங்கே இறுக்குவது? உதவித் தொகை கேட்டு வரும் கிழவியிடம் இன்னும் பத்துத் தாள் கேட்பதிலா? (அவளால் கோடி திருட முடியுமா, ஐயா!) வேலையைக் கொடுப்பவர் ஒருவர், முடிந்ததைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர், பணம் விடுவிப்பவர் மூன்றாமவர். இருவர் கூடிக்கொண்டால்? கூடத்தானே செய்தார்கள்! ஆகவே மூன்றாமவர் வேறு பிரிவிலிருந்து வரவேண்டும். மேலதிகாரியின் முகத்துக்கு அஞ்சாதவராக இருக்கவேண்டும்.

தலைமைக் கணக்காய்வாளர் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறார். அதைத் தமிழில் எடுத்துச் சொல்லச் சங்கக் கிளைகள் ஒரு மாலையை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.